பழைய பத்திரப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்க ஜி4-ஆ, ஜேபிக்2-வா?

தாய்ப்பத்திரம், பட்டா, தாத்தா காலத்துக் கடிதம் என்று எல்லாவற்றையும் ஐபோனில் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புது ஐபோன்கள், அமைப்பை மாற்றாவிட்டால், படங்களை ஹெய்க் (HEIC) என்ற வடிவக் கோப்பாகத்தான் சேமிக்கின்றன. வண்ணப் படத்துக்கு அது நல்ல வடிவம்தான், ஆனால் அறுபது பக்கப் பத்திரத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கி வக்கீலுக்கு அனுப்ப வேண்டும், எழுத்து தெளிவாக இருந்தால் போதும் என்றால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடலாம். ஏ4 தாள் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480 × 3508 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால் சுருக்கும் முன்பே ஒரு எம்பி-க்குச் சற்று மேல்தான் வரும்.

சரி, எதில் சுருக்குவது?

ஜி4 என்பது 1984-இல் ஃபேக்ஸுக்காக வந்த முறை. ஒவ்வொரு வரியும் மேல்வரியிலிருந்து எங்கே மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும், ஒரு புள்ளியும் இழக்காது. டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாகவோ பிடிஎஃப்-க்குள்ளேயோ வைக்கலாம், எந்தப் பழைய கணினியிலும் திறக்கும். ஆனால் தாளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தால் கோப்பு வீங்கிவிடும்.

ஜேபிக் (JBIG) என்பதும் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுருக்கும் முறைதான், ஜேபெக் (JPEG) அல்ல. 1993-இல் வந்த முதல் ஜேபிக் நன்றாகவே சுருக்கும், புள்ளிபுள்ளியாக நிழல் போட்ட படங்களை ஜி4-ஐவிட நன்றாகக் கையாளும். ஆனால் உலாவியில் திறக்காது, பிடிஎஃப்-க்குள்ளும் போகாது. சில லேசர் பிரிண்டர்களின் உள்ளே வேலை செய்வதோடு சரி, நமக்கு வேண்டாம்.

ஜேபிக்2 (2000) பிடிஎஃப் 1.4 முதல் உண்டு. இதில் ஒரு புள்ளியும் இழக்காத இழப்பற்ற முறை ஜி4-ஐவிடச் சிறிய கோப்பைத் தரும். இன்னொரு முறை, பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் எழுத்து வடிவத்தை ஒருமுறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டுவது. அந்த ஒட்டல் 'ஏறக்குறைய ஒன்றுபோல' இருந்தாலே நடக்கும்படி விட்டால் ஆபத்து. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஜெராக்ஸ் நிறுவன நகலெடுக்கும் இயந்திரங்களில் இதைக் கண்டுபிடித்தார்: ஒரு கட்டட வரைபடத்தில் 21.11, 17.42 என்றிருந்த அறைப் பரப்புகள் நகலில் 14.13 ஆகியிருந்தன, வேறு தாள்களில் 6 என்பது 8 ஆனது. எழுத்து மங்கியிருந்தால் சந்தேகப்படுவோம். இதில் தவறான எண் பளிச்சென்று சரியானதுபோல நிற்கும். சர்வே எண்ணில் இப்படி நேர்ந்தால் யார் கவனிப்பார்கள்? தமிழில் எ-வுக்கும் ஏ-வுக்கும் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். அதனால் ஜேபிக்2-இல் இழப்பற்ற முறை மட்டும்தான் என் தேர்வு. ஜேபிக்2-ஆகச் சுருக்கித் தரும் ஜேபிக்2இஎன்சி (jbig2enc) என்ற மென்பொருளில், வடிவங்களை ஒட்டும் முறைக்கான '-எஸ்' (-s) கட்டளையைக் கொடுக்காமல் விட்டால் இழப்பற்ற முறைதான் நடக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், சுருக்குவதற்கு முன் எது கறுப்பு எது வெள்ளை என்று பிரிப்பது. போனில் எடுத்த படத்தில் கை நிழல் ஒரு மூலையில் விழுந்திருக்கும். பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்கும் ஓட்சு முறையில் அந்த மூலை கறுத்துப்போகும், அதைத் தவிர்க்க அளவைத் தளர்த்தினால் மறுமூலையில் புள்ளிகள் மறையும், 'க்' என்பது 'க' ஆகிவிடும். ஒவ்வொரு இடத்தையும் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் சாவோலா முறை இங்கே கைகொடுக்கும். அப்புறம் நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, எண்களையும் மெய்யெழுத்துகளையும் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தனித்தனி டிஃப் கோப்பாகக் கொடுக்க வேண்டுமானால் ஜி4, பிடிஎஃப் என்றால் இழப்பற்ற ஜேபிக்2. இரண்டுக்கும் மூல ஹெய்க் படத்தை அழிக்காதீர்கள். முத்திரையும் கைநாட்டும் உள்ள பக்கங்களை மட்டும் நான் கறுப்பு வெள்ளையாக்குவதில்லை, ஊதா மையும் முத்திரைத்தாளின் நிறமும் தெரியும்படி வண்ண ஜேபெக்காகவே அதே பிடிஎஃப்-இல் சேர்த்துவிடுகிறேன்.