இறங்கிப்போகும் ஆயில்: டேப், வால்வு, அல்லது பம்பையே பிரிப்பதா?

நார்ட்டன் கமாண்டோ போன்ற பழைய டிரை சம்ப் மோட்டார் சைக்கிளை (ஆயில் எஞ்சினுக்கு அடியில் அல்லாமல் தனி டேங்க்கில் இருக்கும் வகை)ச் சில வாரம் ஓட்டாமல் விட்டால், டேங்க்கில் ஆயில் மட்டம் பாதாளத்துக்குப் போயிருக்கும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது. தேய்ந்த பம்ப் கியர்களின் இடுக்கு வழியாக மெல்ல இறங்கி, எல்லாம் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் தேங்கிவிடுகிறது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை கிளம்பும், பிரீத்தர் (காற்றுப்போக்கி) வழியே ஆயில் பீறிடும், சீல்கள் கசியும். டேங்க் காலியாக இருக்கிறதே என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். எஞ்சின் ஓடியதும் கீழே இருப்பதெல்லாம் திரும்பி வந்து டேங்க் வழியும்.

வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், ஆயில் நிற்கும்போது தேங்குகிறதா, ஓடும்போதே தேங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். கிராங்க்கேஸை முழுக்க வடித்து, டேங்க்கைச் சரியான மட்டத்துக்கு நிரப்பி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்திய உடனே மறுபடி வடியுங்கள். கொஞ்சமாக வந்தால் பம்பின் ரிட்டர்ன் பக்கம் (ஆயிலை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும் பகுதி) நலம். நிறைய வந்தால் டேப்பும் (கையால் திருப்பித் திறந்து மூடும் அடைப்பான்) வால்வும் பயன்படாது, பம்பைக் கழற்றத்தான் வேண்டும். டேங்க்கில் ரிட்டர்ன் ஆயில் விட்டுவிட்டுத் துப்புவது கோளாறு அல்ல. ரிட்டர்ன் கியர்கள், எஞ்சினுக்கு ஆயில் அனுப்பும் ஃபீட் கியர்களைவிட அகலம், ஆகவே காற்றும் சேர்ந்தே வரும்.

டேங்க்குக்கும் பம்புக்கும் இடையே டேப் போட்டால் ஆயில் இறங்குவது அடியோடு நின்றுவிடும். ஆனால் ஒரே ஒருநாள் திறக்க மறந்தால் ஆயில் கிடைக்காமல் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங்) போய்விடும். டேப் திறக்காமல் இக்னிஷன் வராதபடி சுவிட்ச் இணைத்தால் ஒழிய இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே இடத்தில் போடும் ஸ்பிரிங் வால்வு இன்னும் கவலைக்குரியது. அது இருப்பது பம்பின் உறிஞ்சும் பக்கம். குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ லைனில் காற்று புகுந்திருந்தாலோ வால்வின் துளையை அடைத்திருக்கும் குண்டைத் திறக்கும் அளவுக்கு இழுவை கிடைக்காமல் போகலாம். பிரஷர் கேஜ் இல்லாத வண்டியில் அது வெளியே தெரியாது. வால்வுதான் வேண்டும் என்றால் பம்புக்கு அப்புறம், டைமிங் கவருக்குள் (பம்பை மூடியிருக்கும் எஞ்சினின் பக்க மூடி) வையுங்கள். 1975-இல் வந்த மார்க் 3 கமாண்டோவில் தொழிற்சாலை செய்ததும் அதுதான். பம்ப் சுழன்றால் அதன் அழுத்தமே வால்வைத் தள்ளித் திறக்கும்.

என் ஓட்டு பம்பைச் சரிசெய்வதற்கே. கியர்களுக்கும் மூடித் தகட்டுக்கும் இடையே தேய்ந்து விழுந்த இடைவெளிதான் மூல காரணம். தட்டையான கண்ணாடிமேல் நைசான எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, பம்ப் பாடியின் முகத்தை எட்டு வடிவில் தேய்த்துக் குறையுங்கள். அடிக்கடி பூட்டிச் சுழற்றிப் பாருங்கள்; லேசான பிடிப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பாடியின் உட்சுவரில் ஆழக் கீறல் இருந்தால் உழைப்பு வீண், வேறு பம்ப் வாங்குங்கள். பம்பின் வாயிலுள்ள கூம்பு ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். திருகுகளை முறுக்கும் முன் டைமிங் கவர் இம்மியளவு தள்ளி நின்றால்தான் அது அழுந்திப் பிடிக்கும்.

(பழைய டிரையம்ஃப் ட்வின்களில் இருப்பது பிளஞ்சர் பம்ப் (கியருக்குப் பதில் மேலும் கீழும் நகரும் தண்டு கொண்டது). அங்கே பெரும்பாலும் வால்வுக் குண்டின் கீழ் சிக்கிய தூசிதான் வில்லன். கழுவி, குண்டை அதன் இருக்கையில் சரியாக உட்கார வைத்தாலே பல நேரம் போதும்.)

நல்ல கியர் பம்பும் மாதக்கணக்கில் நின்றால் கொஞ்சம் கசியவிடும். வாராவாரம் ஓட்டுபவருக்கு அது பொருட்டல்ல. எப்போதாவது எடுப்பவர் ஸ்டார்ட் செய்யும் முன் டிரெயின் பிளக்கைக் கழற்றி வடித்து, வடித்ததை வடிகட்டி டேங்க்கிலேயே ஊற்றலாம். இதைவிட மலிவான, ஆபத்தில்லாத வழி கிடையாது.

பம்பைப் பூட்டுவதற்கு முன் அதனுள் ஆயில் நிரப்புங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டேங்க்கில் ரிட்டர்ன் ஆயில் தெரியும்வரை கிக் அடித்துச் சுழற்றிய பிறகே எஞ்சினை உயிர்ப்பியுங்கள்.