கமரூன் கருங்காலியில் ஒரு வயலின் விரற்பலகை: எட்டு மாதங்களின் பின்

என் பேத்தியின் வயலினுக்கு இவ்வாண்டு பங்குனியில் ஆபிரிக்கக் கருங்காலி விரற்பலகை (தந்திகளின் கீழே, விரல்கள் அழுத்தும் பலகை) ஒன்றைப் பொருத்துவித்தேன். கோடை, ஆவணிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் அந்தப் பலகை கண்டுவிட்டதனால், அதைப் பற்றியும் பொருத்தித் தந்தவரின் வேலையைப் பற்றியும் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர வகுப்புகளுக்குத் தாவரவியல் கற்பித்தவள் என்பதால், பலகையை விட அது வந்த மரத்தைப் பற்றி இங்கே கூடுதலாகப் பேசப்போகிறேன். மரத்தை அறியாமல் இந்தப் பொருளின் தரத்தை மதிப்பிட முடியாது என்பதே என் எண்ணம்.

பழைய விரற்பலகையும் கருங்காலி என்று சொல்லியே விற்கப்பட்டது. இரண்டு வருடங்களுக்குள், விரல்கள் அதிகம் விழும் இடங்களில் கறுப்புக் கழன்று அடியில் வெளிறிய மரம் தெரியத் தொடங்கியது. சாதகம் முடித்து எழும்போது பிள்ளையின் விரல்நுனிகள் மை தொட்டவை போல இருந்தன. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சை நெருங்கிவந்த வேளையில், தந்திகளின் கீழே பள்ளம் விழுந்து, கமகம் இழுக்கும்போது விரல் தட்டுப்படுவதாக அவள் முறையிட்டாள். நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வீட்டு விறாந்தையையே பட்டறையாக்கி இசைக்கருவிகள் திருத்தும் இளைஞரிடம் கொண்டுபோனேன். அவர் பலகையின் அடிப்பக்கத்தை உளியால் மெல்லச் சுரண்டிக் காட்டினார். விழுந்த தூள் வெள்ளையாக இருந்தது. "இது சாயம் போட்ட பலகை, ரீச்சர். கருங்காலி எண்டால் உள்ளுக்கும் கறுப்பாய்த்தான் இருக்கும்" என்றார்.

அவரிடம் இரண்டு பலகைகள் இருந்தன. ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் மூலம் தருவித்தவை என்றும், இரண்டும் கமரூன் நாட்டு மரம் என்றும் சொன்னார். ஒன்று மைக்கறுப்பு. மற்றதில் சாம்பலும் கபிலமும் கலந்த கோடுகள் நீளவாட்டில் ஓடின. விலையும் நாலாயிரம் ரூபாய் குறைவு. சாயப்பலகையில் ஏமாந்திருந்த எனக்கு அந்தக் கோடுகளைக் கண்டதும் தயக்கம் ஏற்பட்டது உண்மை. ஆனால் உறையில் அச்சிட்டிருந்த தாவரவியற் பெயரை வாசித்த பின் அந்தத் தயக்கம் நீங்கிவிட்டது: டயொஸ்பைரொஸ் கிராசிபுளோரா.

1873 இல் ஹையர்ன் என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் விவரித்துப் பெயரிட்ட இனம் இது. பின்பாதிப் பெயருக்குத் தடித்த பூவை உடையது என்று பொருள். நைஜீரியா, கமரூன், காபோன், கொங்கோ நாடுகள் ஆகியவற்றின் தாழ்நிலமழைக்காடுகளில், தன்னிலும் உயர்ந்த மரங்களின் நிழலைப் பொறுத்துக்கொண்டு மிக மெதுவாக வளர்கிறது. என்றும் பசுமையான மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று மாணவர் பலர் எழுதுவார்கள். உண்மையில் இலைகள் சில சிலவாக உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் மரம் ஒருபோதும் மொட்டையாக நிற்பதில்லை என்பதே அதன் பொருள். மாசி, பங்குனியில் எங்கள் ஊர் இலுப்பை ஒரேயடியாக இலை கொட்டித் தளிர்ப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கிராசிபுளோராவின் இலைகள் தனியிலைகள், ஒன்றுவிட்டொன்றாக அமைந்தவை, விளிம்பில் வெட்டுகள் அற்றவை, தோல் போல் தடித்து, நுனி கூர்ந்து நீண்டிருப்பவை. பட்டை கருமையானது. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரங்களில் மலர்வதால் இது ஈரில்லமுள்ள தாவரம். காய்க்கும் மரம் வேண்டுமானால் அருகே பூக்கும் ஆண் மரமும் வேண்டும். கனி பெரிய சதைக்கனி. கத்தரிக்காயின் தொப்பி போலப் புல்லிவட்டம் கனியோடு கடைசிவரை ஒட்டிநிற்கும். வன்னிக் குளக்கரைகளில் பனிச்சங்காயைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொப்பி புதிதல்ல. மீன்வலைகளுக்குத் துவரேற்ற உதவிய அந்தப் பனிச்சையும், கொழும்புக் கடைகளில் கிடைக்கும் சீமைப் பனிச்சையும் இதே டயொஸ்பைரொஸ் என்ற தாவரச் சாதியைச் சேர்ந்தவை. ஆபிரிக்கக் காட்டு யானைகள் கிராசிபுளோராவின் கனிகளை விழுங்கித் தொலைவில் இலத்தியோடு விதைகளை இடுகின்றன. இலத்திக்குள் மறைந்திருக்கும் விதை, கொறிக்கும் விலங்குகளின் பல்லுக்குத் தப்பி முளைக்கிறது. தந்தத்துக்காக யானை கொல்லப்படும் காட்டில் கருங்காலிக் கன்றுகளும் அருகிப்போகின்றன என்பது இதன் மறுபக்கம்.

விரற்பலகைக்கு வேண்டியது இம்மரத்தின் வன்வைரம், அதாவது தண்டின் உள்ளே இருக்கும் கடினமான பகுதி, மட்டுமே. பனையின் நாட்டில் வாழும் எமக்கு வைரம் என்றதும் வெளிப்புறத்து வைரமே நினைவுக்கு வரும். பனையின் கறுத்த கடினமான பகுதி புறத்தே இருக்க, உள்ளே சோறு போன்ற மெல்லிய பகுதி இருக்கும். பழந்தமிழ் இலக்கணம் புறக்காழ் என்றும் அகக்காழ் என்றும் பிரித்தது இந்த வேறுபாட்டையே. கருங்காலி அகக்காழ் மரம்: வெளிப்புறத்தில் வெளிறிய மென்வைரம் இருக்கும், தண்டு முதிர முதிர உள்ளே இருக்கும் காழ்க்கலன்களும் சூழ்ந்த கலங்களும் நீர் கடத்தும் வேலையை விட்டுக் கரிய பிசின் போன்ற படிவுகளால் நிரம்பிவிடும். கறுப்பு நிறத்துக்கும் பாரத்துக்கும் இதுதான் காரணம். எண்ணெயும் வியர்வையும் எளிதில் ஊறாமைக்கும், மெருகிட்டால் கண்ணாடி போல் வழவழப்பதற்கும் மரத்தின் நெருங்கிய இழையமைப்போடு இதுவும் துணைசெய்கிறது. பெரும்பருவ வேறுபாடு இல்லாத காட்டில் என்றும் பசுமையாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிவதில்லை; ஆகவே தந்தியின் கீழே பலகை எங்கும் ஒரே சீராகத் தேய்கிறது.

அந்தப் படிவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிறைவதில்லை. குறைவாக நிறைந்த இடங்களே கோடுகளாகத் தெரிகின்றன. நிற்கும் மரத்தைப் பார்த்து உள்ளே கோடுண்டா என்று சொல்லவும் முடியாது, வெட்டினால்தான் தெரியும். 2011 இல் அமெரிக்காவின் டெய்லர் கிற்றார் நிறுவனம் ஸ்பானிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கமரூனின் யவுண்டே நகரிலுள்ள கிரெலிகாம் என்ற மரஆலையை வாங்கியது. முழுக் கறுப்பான மரம் பத்தில் ஒன்று அளவிலேயே அகப்படுவதும், கோடுள்ள மற்றவை வெட்டப்பட்ட பின் விலைபோகாதென்று காட்டிலேயே கைவிடப்படுவதும் அதன் பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. அன்றுமுதல் கோடுள்ள மரத்தையும் தங்கள் கருவிகளில் பயன்படுத்தி வருகிறார்கள். தலைமுறைகள் கடந்து முதிரும் மரத்தை வீழ்த்திவிட்டு நிறம் போதவில்லை என்று எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. பேத்தியிடமும் இதைச் சொன்னேன். கோடுள்ள பலகையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பெயர் குறித்தும் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதில்தான் பெரும் குழப்பம். ஆபிரிக்கக் கருங்காலி என்ற பெயரைப் புல்வெளிக் காடுகளில் வளரும் டயொஸ்பைரொஸ் மெஸ்பிலிபோமிஸ் என்ற மரத்துக்கும் சொல்வார்கள். அதன் பழம் உண்ணத்தக்கது, வைரம் பெரும்பாலும் கபிலம். கிளாரினெற் செய்யும் ஆபிரிக்கக் கருமரமோ கருங்காலிக் குடும்பமே அல்ல. அது கூட்டிலையும் நெற்றும் உடைய அவரைக் குடும்பத்து டல்பேர்ஜியா, வறட்சியில் இலை உதிர்ப்பது. எங்கள் வன்னிக் காட்டுக் கருங்காலியான டயொஸ்பைரொஸ் எபெனம் இவை எல்லாவற்றிலும் சீரான கறுப்புடையது. ஆனால் அதை வெட்டுவதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் நாட்டில் சட்டத்தடைகள் உண்டு, இருப்பதும் நல்லதே. மாலை விற்பவர்கள் தண்ணீரில் தாழ்ந்தால் உண்மைக் கருங்காலி என்கிறார்கள். கிராசிபுளோராவின் அடர்த்தி சராசரியாகக் கன மீற்றருக்கு 955 கிலோ. தண்ணீரின் அடர்த்தியை விடச் சற்றே குறைவு. திருத்துநர் தந்த வெட்டுத் துண்டை வாளியில் இட்டபோது நீர்மட்டத்தோடு மட்டமாக நின்றது, தாழவில்லை. டல்பேர்ஜியா கருமரம் 1,270 கிலோ வரை வருவதால் அது கல் போலத் தாழும். ஆகவே அந்தச் சோதனை கருங்காலியைத் தள்ளி, கருங்காலி அல்லாததை ஏற்கவும் கூடும். அத்துண்டைக் கைவில்லையில் பார்த்தபோது மிகச் சிறிய துளைகளும் உள்ளும் புறமும் ஒத்த கருமையும் தெரிந்தன. ஆனால் இலையும் பூவும் இல்லாமல் மரத்துண்டை மட்டும் வைத்து இனத்தைத் துணிவது கடினம். அதில் உறையை நம்பியிருக்கிறேன்.

வேலையைப் பற்றி: பழைய பலகையைக் கழுத்துக்குச் சேதமின்றிக் கழற்றி, வச்சிரப் பசை காய்ச்சிப் புதியதை ஒட்டி, நீளவாட்டில் இருக்கவேண்டிய மெல்லிய குழிவைச் சீவி முடிக்க ஒன்பது நாட்கள் எடுத்தார். கருங்காலித் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும் என்பதால் முகக்கவசத்தோடு வேலை செய்தது எனக்குப் பிடித்தது. எட்டு மாதத்தில் பள்ளம் எதுவும் விழவில்லை. விரலில் கறையும் இல்லை. ஜாரு இழுக்கும்போது, அதாவது விரலைத் தந்தியில் வழுக்கி ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்குப் போகும்போது, தடையில்லை என்கிறாள் பேத்தி. முதல் மாதத்தில் கபிலமாகத் துலங்கிய கோடுகள் எண்ணெய்க் கையால் இப்போது ஓரளவு இருண்டுவிட்டன. மழை தொடங்கியபோதும் பலகை வளையவில்லை.

குறை ஒன்று உண்டு. வைகாசி வெக்கையில் பலகையின் அகன்ற முனையில் தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று தோன்றியது. இவ்வளவு அடர்ந்த மரம் மிக மெதுவாகவே உலரும். குறுக்குவெட்டு முனையைத் திறந்தபடி விட்டால் அங்கேதான் முதலில் வெடிக்கும். அம்முனைக்கு எண்ணெயோ மெழுகோ பூசியிருக்க வேண்டும். கொண்டுபோய்க் காட்டியதும் மறுக்காமல், கூலி வாங்காமல், கருங்காலித் தூளையே பசையில் குழைத்து அடைத்து, முனைக்கு மெழுகும் ஏற்றித் தந்தார். அதன் பிறகு வெடிப்பு நீளவில்லை. செய்விப்பவர்கள் ஒட்டும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

பலகையும் கூலியுமாக 18,500 ரூபாய் ஆயிற்று. மாணவர் வயலின் ஒன்றுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் சாயப்பலகையை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவோடு வைத்துப் பார்த்தால் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. தந்திகளை முறுக்கும் பிருடைகள் நான்கும் இன்னும் பழைய சாயமரமே. தை பிறந்ததும் அவற்றையும் மாற்ற முன்பணம் கொடுத்திருக்கிறேன். கோடுள்ள கட்டையாகவே எடுத்துவைக்கும்படி தம்பியிடம் சொல்லியுமிருக்கிறேன்.