லாயாங்-லாயாங்கைப் பச்சையாகக் காட்டும் சுவர் வரைபடம்

சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் புவியியல் சொல்லிக் கொடுத்து வரும் நான், சபா, சரவாக் கரைகளோடு தென்சீனக் கடலின் தென்பகுதியையும் காட்டும் சுவர் வரைபடம் ஒன்றைச் சென்ற மாதம் 42 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கடைத்தெருவிலுள்ள எழுதுபொருள் கடைக்காரர், கையிருப்பில் இல்லாததை இரண்டு வாரத்தில் வரவழைத்து, மடிப்பு விழாமல் அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தார். அவருடைய சேவையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வரைபடத்தின் சிறப்பு, கடலின் ஆழத்தை நீல நிறத்தின் படிநிலைகளால் காட்டியிருக்கும் விதம். சரவாக் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல் வெளிர் நீலமாகப் பரந்திருக்க, சபாவின் வடமேற்கே 2,500 மீட்டரையும் தாண்டும் பள்ளம் கருநீலப் பட்டையாக ஓடுகிறது. அந்தப் பட்டைக்கு அப்பால், கோத்தா கினபாலுவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் லாயாங்-லாயாங் என்னும் பவளத்திட்டு இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்ற அளவில் அது 15 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்துப் பிள்ளைகளே அளந்து பார்த்தார்கள். கடலடியிலிருந்து செங்குத்தாக எழும் மலையின் உச்சியில் பவளப்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய வளையம் அது என்பதை, இந்த நீலங்களை விரலால் தொட்டுக் காட்டும்போது விளக்குவது எளிதாகிறது.

ஆனால் அந்த வளையத்தை வரைந்த இடத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. சுமார் 7 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பவளத்திட்டு முழுவதையும், நடுவிலுள்ள காயலையும் சேர்த்து, நிலத்துக்குரிய பச்சை நிறத்தில் நிரப்பிவிட்டார்கள். மூன்றரை மில்லிமீட்டர் பச்சைதானே என்று விட்டுவிட முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ஒரு மாணவி, "சார், இவ்வளவு பெரிய தீவுல எத்தனை பேர் குடியிருக்காங்க?" என்று கேட்டாள். உண்மையில் அலையேற்றத்தின்போது அந்தத் திட்டின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்துவிடும். 1983இல் மலேசியக் கடற்படை அங்கே நிலைகொண்ட பிறகு மண்ணும் கல்லும் கொட்டி உருவாக்கிய இடத்தில்தான் விமான ஓடுதளமும் முக்குளிப்போர் தங்கும் விடுதியும் இருக்கின்றன.

நிறத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. சீனா, தைவான், வியட்நாம் ஆகியவையும் அந்தத் திட்டுக்கு உரிமை கோருகின்றன. 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையின்படி, மனிதன் உருவாக்கிய தீவுக்குத் தனிக் கடல் எல்லை கிடையாது. பிலிப்பீன்ஸ் சீனாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2016 ஜூலை 12 அன்று ஹேக் நகரில் தீர்ப்பளித்த நடுவர் மன்றம், ஒரு திட்டை அதன் இயற்கை நிலையை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது. லாயாங்-லாயாங்கும் அடங்கிய ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் எந்தத் திட்டுக்கும், கடல் வளங்களுக்கு உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது என்றும் சொன்னது. எது இயற்கை நிலம், எது கொட்டிய மண், எது நீருக்கடியில் உள்ள பாறை என்று பிரித்துக் காட்டாத வரைபடம், வழக்கின் மையக் கேள்வியையே அழித்துவிடுகிறது.

1979இல் மலேசியா வெளியிட்ட கடல் எல்லைக் கோட்டை, அண்டை நாடுகளோடு பேசி முடித்த எல்லையைப் போலவே தடித்த கோடாகப் போட்டிருப்பதும் சரியல்ல. நம் நாட்டின் உரிமைக் கோரிக்கையைக் காட்டத்தான் வேண்டும். அது கோரிக்கை என்பதையும் குறிவிளக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எல்லைக் கற்களைப் பார்த்து வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு உடனே விளங்கும்.

ஒரு மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். மலேசியா 1999இல் நிலைகொண்ட திட்டுகளில் ஒன்றான எரிக்காவுக்கு, இந்த வரைபடத்தில் 'தெரும்பு சிப்புட்' என்று மலாய்ப் பெயரையே அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் நடுக்கடலில் இருப்பதைக் கண்ட பிள்ளைகள், மறுநாள் வீட்டிலிருந்து தம்பி தங்கைகளையும் அழைத்து வந்து காட்டினார்கள்.

ஆழத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். நான் அந்தப் பச்சையின் மேல் வெள்ளை மை தடவி, மெல்லிய பேனாவால் புள்ளி வளையம் வரைந்து, தென்கிழக்கு முனையில் மட்டும் ஒரு சிறு கோடு போட்டு 'கொட்டிய நிலம்' என்று எழுதி மாட்டியிருக்கிறேன்.