பிரித்த வீடும் இடித்த வீடும்: தருமபுரியில் ஒரு பழைய கதவு, ஜன்னல் கடை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், ஊர் எல்லையைத் தாண்டிய சிறிது தூரத்தில், தகரக் கொட்டகையும் அதன் முன்னே வெயிலில் சாய்த்து அடுக்கிய நிலைக்கதவுகளுமாக ஒரு பழைய கட்டடச் சாமான் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, கதவுகளே பலகை. மொட்டை மாடியில் ஓர் அறை எடுக்க முடிவு செய்து, அதற்கு ஒரு கதவும் இரண்டு ஜன்னல்களும் வாங்குவதற்காக இந்த ஆண்டு மூன்று முறை அங்கே போனேன். வாங்கிய பொருளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உண்மையில் நான் அங்கே தேடியது, நான் வளர்ந்த தெருவின் துண்டு ஏதாவது கிடைக்காதா என்றுதான்.

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், அவர்களுக்கு வாடகை வீடு வேண்டியிருந்தது. இலக்கியம்பட்டிப் பக்கத்தில் எங்கள் தெருவில் அப்போது கட்டப்பட்ட வீடுகளுக்கு ஓடும் இல்லை, திண்ணையும் இல்லை. வாசலுக்கு மேல் தூண் தாங்காமல் நீண்டு நிற்கும் கான்கிரீட் சன்ஷேடு, மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, மாடிப்படிச் சுவரில் கீழிருந்து மேல்வரை சிமெண்ட் ஜாலி, உள்ளே இளம்பச்சையில் கறுப்புச் சில்லுகள் சிதறிய மொசைக் தரை, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய ஆண்டு சிமெண்டில் புடைத்து நிற்க, ஒவ்வொன்றும் தன்னை நவீன வீடு என்று அறிவித்துக்கொண்டு நின்றது. சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருக்கோடி வீட்டை அதன் உரிமையாளர் கடைசிவரை ‘எல்.ஐ.சி. மாடல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மாடி ஒன்றுதான்.

அந்த வரிசையில் இன்று ஒரு வீடும் இல்லை. ஆகவே அவை இங்கேதான் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன்.

கொட்டகையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தவை அதற்கும் முந்தைய காலத்துப் பொருள்கள். தேக்கு நிலைகள், பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவுகள், மர உத்தரங்கள், கட்டுக்கட்டாக மங்களூர் ஓடு, இந்தப் பகுதிக்கே உரிய கல் தூண்களும் கற்பலகைகளும், சுண்ணாம்பு ஒட்டிய பழைய செங்கற்கள். என் தந்தை காலத்து வீடுகளுக்கு மிஞ்சியிருந்தது பின்சுவரை ஒட்டிய ஒரு மூலை மட்டுமே: இரும்பு கேட்டுகள், ஜன்னல் கிரில்கள், கண்ணாடி போன ஸ்டீல் ஜன்னல்கள், ஒரு சாக்கு நிறைய கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள், பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஏன் இவ்வளவு குறைவு என்று உரிமையாளரிடம் கேட்டேன். “பிரிச்ச வீடுன்னா சாமான் இருக்கும் சார். இடிச்ச வீடுன்னா கம்பிதான்” என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்குப் போனது தகும் என்பேன். பழைய ஓட்டு வீடு கோத்துக் கட்டியது. ஓட்டை இறக்கலாம், சட்டத்தைக் கழற்றலாம், உத்தரத்தை உருவலாம். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சுவராக இருந்தால் செங்கல்லைக்கூட உடையாமல் எடுத்துத் தட்டித் துடைத்து மறுபடியும் அடுக்கலாம். அறுபதுகளின் வீடு வார்த்துக் கட்டியது. தளம், சன்ஷேடு, பால்கனி எல்லாம் ஒரே கான்கிரீட்டாக ஒன்றையொன்று பிடித்து நிற்பதால், இடிக்கும்போது எதுவும் தனியாகக் கழன்று வருவதில்லை. சிமெண்டில் கட்டிய செங்கல் கலவையை விடாமல் தானும் சேர்ந்து உடைகிறது. கான்கிரீட்டை நொறுக்கி உள்ளே இருக்கும் கம்பியை உருவிக்கொள்கிறார்கள். மீதி பள்ளம் நிரப்பப் போகிறது. வளைந்த பால்கனியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மொசைக்கின் கதையும் அதுதான். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து தரையிலேயே பரப்பி, இறுகிய பிறகு நீர் ஊற்றிக் கல் மெஷினால் நாள் கணக்கில் தேய்த்து, ஆக்ஸாலிக் அமிலத்தால் மெருகேற்றுவார்கள். அடித்தளத்தோடு தோலாக ஒட்டிப்போன அந்தத் தரையை உரித்தெடுக்க வழியில்லை. மொசைக் டைல்ஸாக வாங்கிப் பதித்திருந்தால் பத்தில் ஒன்றிரண்டு முழுதாக வரும் என்றார் உரிமையாளர். அப்படி வந்த நான்கு டைல்ஸ், எடைத்தராசு ஆடாமல் இருக்க அதற்கு அடியில் கிடந்தன. விற்பனைக்கு இல்லையாம்.

இந்த வீடுகள் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பவர்கள் கட்டுமானத்தைக் குறை சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. சிமெண்ட் விநியோகம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. 1982-இல்தான் அது பகுதியளவு தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. கிடைத்ததை நீட்டித்துக் கையால் கலந்து போட்ட தளத்தில், கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய பூச்சுக் கனம் பல இடங்களில் மெலிந்திருக்கும். ஈரமும் காற்றும் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைக் கீழிருந்து பெயர்த்துத் தள்ளும். எங்கள் கூடத்தில் ஊஞ்சல் கொக்கியைச் சுற்றி அப்படித்தான் பெயர்ந்தது. ஆனால் எங்கள் வீடு அதனால் இடிக்கப்படவில்லை; பாகம் பிரித்ததில் மனை நான்கானது, நான்கு மனைகளுக்கு நடுவில் வீடு இடைஞ்சலானது.

இனி வாங்குபவர்களுக்கானவை. மரம் கன அடிக் கணக்கு, இரும்பு கிலோக் கணக்கு, ஓடு எண்ணிக்கைக் கணக்கு. அளவு நாடாவும், முடிந்தால் ஓர் ஆசாரியும் கூடப் போவது நல்லது. பழைய நிலைகளின் கனம் இன்றைய சுவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எல்லா மரத்தையும் பர்மா தேக்கு என்கிறார்கள். நான் வாங்கிய கதவை இழைத்தபோது ஒரு பலகை மட்டும் வேறு மரமாக இருந்தது. திரும்பப் போய்ச் சொன்னதும் முணுமுணுத்தபடி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இழைக்கும் முன் உள்ளே உடைந்து நிற்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுக்கவில்லையென்றால் மெஷின் பிளேடு போய்விடும். ஏற்றுக்கூலியை முன்னதாகவே பேசிவிட வேண்டும், நான் பேசவில்லை. மற்றபடி மரம் நன்றாகக் காய்ந்து நின்ற மரம், முறுக்கவில்லை, ஜன்னல்கள் மழையில் ஊதவில்லை.

மூன்றாம் முறை போனபோது ஒரு கேட் கண்ணில் பட்டது. தட்டைப் பட்டையை வளைத்துச் செய்த உதயசூரியக் கதிர்கள், நடுவில் 1967. அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அவருக்கு நினைவில்லை. 1967 என்பதால் கட்சிக்காரர் வீடாக இருக்கும் என்றார். அப்போது கதிர் போட்ட கேட் எல்லார் வீட்டிலும் இருந்தது என்றேன். கைப்பிடிச் சுவரில் சிமெண்டில் எழுதிய ஆண்டுகளெல்லாம் மண்ணோடு போக, இரும்பில் எழுதியது எடைக்கு விலை உண்டு என்பதால் தப்பியிருந்தது. வேலைப்பாட்டுக்குத் தனி விலை இல்லை. கிலோ 65 ரூபாய், 48 கிலோ, 3,120 ரூபாய். அறைக்குத் தேவையே இல்லாத அந்தக் கேட்டை வாங்கினேன்.

ஜாலிக் கற்கள் பதினொன்றும் கிடைத்தன, ஒன்றுக்கு 80 ரூபாய். நான்கு இதழ்ப் பூவடிவம், ஒன்றிரண்டில் பழைய நீலச் சுண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் மாடிப்படிச் சுவருக்குப் பன்னிரண்டு வேண்டும். பென்னாகரம் சாலையில் ஒரு வீடு அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள், அதிலும் இதே பூ இருக்கிறது, ஆனால் உடைக்காமல் உளி வைத்து எடுக்க ஆள் கூலி தனி என்று உரிமையாளர் கைபேசியில் சொன்னார். ஒன்றுக்கு மட்டும் கூலி கேட்டேன். சுவர் முழுவதற்கும் சேர்த்துத்தான் ஆள் வருவான் என்றார். சுவரில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.