வர்ணனையே இல்லாத 26 நிமிடம்

கடலோர ஊர்களின் திருவிழாக்களைப் பற்றிய குறும் ஆவணப்படம் இது. தூங்கப் போகும் முன் சும்மா ஓடவிட்டேன், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை. ஊர் பெயரும் தேதியும் ஒரு வரியாக வரும், அதோடு சரி. அப்புறம் கேமரா ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. பாணி ஒன்றும் புதிதல்ல, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1958இலேயே பனிக்காலணி மாட்டி நடப்பவர்களின் கூட்டம் ஒன்றைக் கிட்டப் போய் இப்படித்தான் படம்பிடித்தது, அதுவும் 15 நிமிடத்தில். ஆனால் இன்றைக்கு வாய் மூடிக்கொண்டிருக்கும் ஆவணப்படம் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது.

மூன்று ஊர்கள். அதில் எனக்குப் பிடித்தது பிரேசிலின் சால்வடோர். பிப்ரவரி 2 அன்று ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் கடல் தெய்வமான இயெமஞ்சாவுக்குக் காணிக்கை கொடுப்பார்கள். பூ, சென்ட், சீப்பு, கண்ணாடி என்று மக்கள் கொண்டுவருவதையெல்லாம் பெரிய கூடைகளில் அடுக்கி, மீனவர்கள் படகில் எடுத்துப் போய்க் கடலில் சேர்ப்பார்கள். வேறு படக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்தப் படகில் ஏறியிருப்பார்கள். இவர்கள் ஏறவில்லை, வரிசையிலேயே நின்றுவிட்டார்கள். வெயிலில் கால் மாற்றி மாற்றி நிற்கிறவர்கள், முன்னால் நுழையப் பார்க்கிறவரை முழங்கையாலேயே தடுக்கிற பாட்டி, காணிக்கைக்கு வாங்கிய கண்ணாடியில் ஒரு தடவை தன் தலைமுடியைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் கூடையில் வைக்கும் பெண். அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். (மறுநாள் கரையில் ஒதுங்கிய பூக்களும் உண்டு. எல்லா விழாப் படத்திலும் வருகிறதே, இதில் மட்டும் விட்டுவிடுவார்களா.)

அடுத்து லெர்விக், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில். ஜனவரி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் அப் ஹெல்லி ஆ விழா: தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, நூற்றுக்கணக்கானோர் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போய், மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வைக்கிங் (பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) பாணிக் கப்பலை எரித்துவிடுவார்கள். எரிவதை விட, கொட்டகையில் ஒருவர் பலகைக்குப் பொறுமையாக வர்ணம் பூசுவதைத்தான் படம் அதிக நேரம் காட்டுகிறது. எரியப்போகும் பலகை என்று தெரிந்து பார்க்கும்போது, ஓரத்தில் வழிந்த வர்ணத்தை அவர் துணியால் துடைப்பது என்னவோ செய்கிறது.

என் குறையும் இங்கேதான். ஊர்வலத்தில் வைக்கிங் உடையில் ஒரு சிறுமி வருகிறாள், நாலு நொடி இருக்கும், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். லெர்விக் ஊர்வல அணிகளில் பெண்களைச் சேர்த்ததே 2023இல்தான். அதுவரை அன்றைய இரவு விருந்து நடக்கும் மண்டபங்களைக் கவனித்துக்கொள்வதுதான் அவர்கள் பங்கு. இது தெரியாமல் பார்த்தால் அவள் கூட்டத்தில் ஒரு குழந்தை, அவ்வளவுதான். ஊர் பெயருக்கு ஒரு வரி போடத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் ஒரு வரி போட என்ன கஷ்டம்? எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் முன்னால் யார் அங்கே இல்லை என்பது கேமராவுக்குத் தெரியாது.

மூன்றாவது பிரான்ஸின் சேந்த்-மரீ-த-லா-மேர். மே 24, ரோமா (ஜிப்ஸி) மக்கள் தங்கள் காவல் புனிதராக வணங்கும் சாராவின் சிலையைக் கடலுக்குச் சுமந்து போகிறார்கள், கூடவே வெள்ளைக் குதிரைகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. குதிரையைப் பார்த்ததும் இவர்களுக்கும் கை துறுதுறுத்திருக்கும் போல, ஸ்லோமோஷன் போட்டு, பியானோவையும் சேர்த்துவிட்டார்கள். இருபது நிமிடம் கட்டிக்காத்த விரதம் போயிற்று. சுமக்கிறவர்களின் தோளையோ முகத்தையோ சரியாகப் பார்க்கவே முடியவில்லை. இந்த ஊரை விட்டுவிட்டு அந்த நேரத்தை லெர்விக்குக்குக் கொடுத்திருக்கலாம்.

பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். கப்பல் எரியும்போது அவர்கள் மெதுவாகப் பாடுவதும், நடுவில் மரம் வெடிக்கும் சத்தமும் போன் ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்காது. பெயர்கள் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள், பின்னால் லெர்விக் மண்டபம் ஒன்றில் ஒருவர் வைக்கிங் உடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.