டிவியில் ஓரம் வெட்டுப்படுகிறதா? ரிமோட்டா, லினக்ஸா, விஜிஏவா?

லினக்ஸ் கணினியை ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் மாட்டுகிறோம். படம் வருகிறது, ஆனால் மேலே மெனு பட்டை பாதி காணோம், ஓரத்தில் கடிகாரம் காணோம். உடனே டெர்மினலைத் திறக்க வேண்டாம், முதலில் ரிமோட்டை எடுங்கள். பிக்சர் டியூப் காலத்து ஓவர்ஸ்கேன் வழக்கம் எல்இடி டிவிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவியே ஓரங்களை வெட்டி, மீதியை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இதை நிறுத்தும் அமைப்பு டிவியின் பிக்சர் மெனுவில் இருக்கும்: எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, பழைய மாடலானால் ‘ஸ்கிரீன் ஃபிட்’, சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’வுக்குள் ‘ஃபுல் பிக்சல்’. படத்தின் அளவு 16:9-ல் இருந்தால்தான் சில மாடல்களில் இந்த வரியே தெரியும். பல டிவிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். கேபிளை இரண்டாவது போர்ட்டுக்கு மாற்றினால் பழைய தொல்லை திரும்பிவிடும். கையோடு அந்த இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றிவிடுங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து பிசிறடிப்பது பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

லினக்ஸ் பக்கத்து வழி அண்டர்ஸ்கேன், அதாவது டிவி வெட்டும் அளவுக்குக் கணினியே படத்தை முன்கூட்டிச் சுருக்கி அனுப்புவது. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-ல் ஏஎம்டி கார்டு என்றால் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்ற கட்டளையில் அண்டர்ஸ்கேனை ஆன் செய்து, பக்கவாட்டு பார்டர் 48, மேல் கீழ் பார்டர் 27 கொடுக்கலாம். என்விடியாவுக்கு அதன் செட்டிங்ஸ் கருவியில் ஒரு ஸ்லைடர் உண்டு. புதிய திரை அமைப்பான வேலண்டில் எக்ஸ்ரேண்டர் எடுபடாது. அங்கே டெஸ்க்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பாருங்கள்: கேடிஈ பிளாஸ்மாவில் ஓவர்ஸ்கேன் பெட்டியும் க்னோமில் டிவிக்கென ஒரு சுவிட்சும் உண்டு, டிரைவர் இடம் கொடுத்தால். இன்டெல் டிரைவரில் பெரும்பாலும் கிடைக்காது.

கிடைத்தாலும் இது இரண்டாம் பட்சம்தான். கணக்கைப் பாருங்கள்: 1920×1080 படத்தை கார்டு 1824×1026-ஆகச் சுருக்குகிறது. டிவி அதை மறுபடி 1920-க்கு இழுக்கிறது. ஓரம் தெரியும், எழுத்து மங்கும். சினிமா பார்க்கப் பாதகமில்லை. புரோகிராம் எழுத உட்கார்ந்தால் கண் வலிக்கும். ரிமோட்டில் அந்த அமைப்பே இல்லாத டிவிக்கு மட்டும் இதை வையுங்கள்.

பழைய 32 அங்குல ‘ஹெச்டி ரெடி’ டிவி தனிக் கதை. அதன் பேனல் 1366×768. ஹெச்டிஎம்ஐயில் 720பி அல்லது 1080 வரி அனுப்பினால் டிவி எப்படியும் படத்தைத் தன் அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ செய்யும். டிவியின் பின்னால் நீல நிற விஜிஏ சாக்கெட் இருந்தால் அதில் 1360×768 அனுப்பிப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று பிக்சல் கறுப்பாக நிற்கும், எழுத்தோ கத்தி மாதிரி இருக்கும். கணினியில் விஜிஏ இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கேளுங்கள். உள்ளே சிப் உள்ளதுதான் வேலை செய்யும். சிப் இல்லாமல் முனையை மட்டும் மாற்றும் கேபிள் காசுக்குக் கேடு. விஜிஏவில் ஒலி போகாது, 3.5 மில்லிமீட்டர் ஆடியோ கேபிள் தனியாக வேண்டும்.

ஓரம் சரியாக இருந்து, கரன்ட் போய் வந்ததும் படத்தின் அளவு 1024×768-ல் விழுந்தால் அது ஓவர்ஸ்கேன் அல்ல. டிவி சுவர் சுவிட்சில் அணைந்திருக்க, கணினி முதலில் பூட் ஆகி, டிவி தன் திரை அளவைக் கணினிக்குச் சொல்லும் ஈடிஐடி விவரம் கிடைக்காமல் போயிருக்கும். டிவியை முதலில் போட்டுவிட்டுக் கணினியைப் போடுங்கள்.