ஆதாரா, ஆபாவா: காப்பீட்டு கவுண்டரில் எதற்கு எது?

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் (குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்) சிகிச்சைக்குப் போனால், 12 இலக்க ஆதாரையும் கேட்பார்கள், 14 இலக்க ஆபாவையும் (உங்கள் மருத்துவ ஆவணங்களை இணைக்கும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கேட்பார்கள். இரண்டுக்கும் ஓடிபி வருவதால் ஒன்றுபோலத் தெரியும். சட்டப்படி இரண்டும் வேறு.

ஆதாரைக் கேட்க 2016 ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அரசுக் கருவூலப் பணத்தில் நடக்கும் நலத்திட்டங்களுக்கு அது பொருந்தும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆதார் எண்ணே கிடைக்காதவருக்கு மாற்று அடையாளம் காட்ட வழிவிட வேண்டும் என்று சொல்வதும் அதே பிரிவுதான். முதியவர்களுக்கும் கைவேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்து, கைரேகை பொருந்தாமல் போகும். அப்போது கருவிழி, முகம், ஓடிபி என்று வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். எதற்காகச் சரிபார்த்தார்கள் என்பதை ஆதார் ஆணையம் சேகரித்து வைக்கக் கூடாது (பிரிவு 32).

ஆபாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. 2020 டிசம்பரில் வந்த சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கைதான் அடிப்படை. அதன்படி ஆபா எடுப்பது அவரவர் விருப்பம்.

ஆனால் மருத்துவ ஆவணத்தைப் பகிர்வதில் ஆபாதான் மேல். ஆவணம் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வேறொருவர் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆபா செயலிக்குக் கோரிக்கை வரும்: கேட்பது யார், நோக்கம் என்ன, எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எதுவரை, அனுமதி எப்போது காலாவதி. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'சரி' தட்டுவதுதான் வழக்கமான தப்பு. முழங்கால் பார்க்கும் டாக்டருக்கு ஐந்து வருஷத்து மனநல மருந்துச்சீட்டு எதற்கு? தேதியைச் சுருக்குங்கள்.

பதிந்த செல்போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அனுமதி கொடுப்பார். காப்பீட்டுப் பதிவில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே எண்ணில் இருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை காட்டியது. ஆபாவில் கவுண்டர்காரர் எண்ணையோ தரகர் எண்ணையோ பதிய விடாதீர்கள்.

ஆபா தராவிட்டால் விவரம் வெளியே போகாது என்று நினைக்க வேண்டாம். சிகிச்சைக்கு முன் காப்பீட்டுத் தரப்பிடம் ஆஸ்பத்திரி வாங்கும் முன் அனுமதிக்கும், பிறகு பணம் கோரும் க்ளெய்முக்கும் நோய் விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் போய்த்தான் ஆகும். ஆபா அனுமதியை ரத்து செய்தாலும் இது நிற்காது. இங்கே கைகொடுக்க வேண்டியது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், நோயாளிக்கு அல்ல.